எந்தக் கணக்குக்குப் புறம்?

எங்க ஆயாவிடம் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. ரேஷன் கார்டு, தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், அப்பாவின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், அதற்கெல்லாம் அடியில் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு காகிதம். அந்தக் கட்டைத்தான் அவர் உயிராக வைத்திருந்தார். அத்தனையும் பி-மெமோக்கள். அரசு நிலத்தில் அனுமதி இல்லாமல் குடியிருக்கிறீர்கள், அதற்கு இவ்வளவு தண்டம் கட்டுங்கள் என்று வருவாய்த் துறை கொடுக்கும் சீட்டுக்குத்தான் பி-மெமோ என்று பெயர். குற்றம் சாட்டுகிற காகிதம். ஆயாவுக்கு அதுதான் பத்திரம்.

“இத பத்திரமா வச்சிக்க. நாம இங்க கீறோம்னு கவருமெண்டே கையெழுத்து போட்டு குடுத்துகீது” என்பார்.

படிக்கத் தெரியாத கிழவியின் அறியாமை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, தமிழ்நாடு முழுக்க லட்சக்கணக்கான வீடுகளில் இதே கதைதான். பட்டா கேட்டு மனு கொடுப்பவர்கள் முதலில் நீட்டுவது இந்தத் தண்டச் சீட்டைத்தான். ‘நீ இங்கே இருக்கக் கூடாது’ என்று எழுதிய காகிதம்தான், ‘நீ இங்கே இத்தனை வருஷமாக இருக்கிறாய்’ என்பதற்கான ஒரே சாட்சி.

எங்கள் வீடு கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு ஏரியின் ஓரம். பதிவேட்டில் ஏரிப் புறம்போக்கு. ஏழாம் வகுப்பில் ஒரு நாள் வீட்டுப்பாடம் எழுதாமல் போனேன். வாத்தியார் எல்லோரையும்தான் திட்டினார், அடித்தார். என் முறை வந்தபோது மட்டும், “வீடும் பொறம்போக்கு, ஆளும் பொறம்போக்கு” என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து ஆயாவிடம் கேட்டேன், “நம்ம வீடு பொறம்போக்கா ஆயா?” அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, “ஆமா, ஏரி பொறம்போக்கு” என்றார். அவர் குரலில் வெட்கமே இல்லை. ஏதோ தெருப் பெயரைச் சொல்வது போலச் சொன்னார்.

ஒரே சொல் வாத்தியாருக்கு வசவாகவும் ஆயாவுக்கு முகவரியாகவும் எப்படி இருக்க முடியும்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில் இருந்துதான் வருகிறது.

*

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். புறம் என்றால் வெளி. போக்கு என்றால் போவது, போனது. வருவாய்க் கணக்கில், தீர்வை விதிக்கப்படாமல் கணக்குக்கு வெளியே போன நிலம் புறம்போக்கு. கிராம நிர்வாக அலுவலரின் அ-பதிவேட்டைப் புரட்டினால் அதன் கிளைகள் தெரியும். மேய்க்கால் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு, களம் புறம்போக்கு, தோப்புப் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு.

இந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மாடு மேயும் இடம், தண்ணீர் நிற்கும் இடம், தண்ணீர் ஓடும் இடம், வண்டி போகும் வழி, கதிரடிக்கும் களம், பிணம் எரிக்கும் இடம். ஒரு ஊர் ஊராக இருப்பதற்குத் தேவையான எல்லாமே இதில் இருக்கின்றன. இல்லாதது ஒன்றுதான், வரி. ஏரி இல்லாமல் பட்டா நிலத்தில் ஒரு போகம்கூட விளையாது. ஆனால் விளைச்சல் பட்டா நிலத்தின் கணக்கில் ஏறும், ஏரி கணக்குக்கு வெளியே நிற்கும்.

‘புறம்’ என்ற சொல்லுக்குத் தமிழில் இழிவு கிடையாது. அகம், புறம் என்று இலக்கியத்தையே இரண்டாகப் பிரித்துக்கொண்ட மொழி இது. புறம் என்றால் வீரமும் கொடையும் பொதுவாழ்வும். இழிவு ‘போக்கு’ என்பதிலும் இல்லை. அப்படியானால் எங்கிருந்து வந்தது? என் பதில் இது: சொல்லைச் சொன்னவன் எங்கே உட்கார்ந்திருந்தான் என்பதிலிருந்து. புறம்போக்கு என்பது ஏரிக்கரையில் நிற்பவன் வைத்த பெயர் இல்லை. கணக்குப் புத்தகத்துக்குள் உட்கார்ந்திருப்பவன் வைத்த பெயர். அவனுக்கு வரி வருவதெல்லாம் உள்ளே, வராததெல்லாம் வெளியே. வரி தராத நிலத்தைச் சொன்ன சொல், கொஞ்ச காலத்தில் பைசாவுக்குப் பிரயோஜனமில்லாத ஆளையும் சொல்ல ஆரம்பித்தது. நாம் இந்த வசவைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி வசூலிப்பவனின் கண்ணால் இன்னொரு மனிதனைப் பார்க்கிறோம்.

*

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகும் புறநகர் ரயிலில் எனக்கு நிறைய நேரம் கிடைக்கும். (புறநகர். இங்கேயும் ஒரு புறம்.) செல்போனில் அகராதி படிப்பது என் கெட்ட பழக்கம். 1874-இல் வெளிவந்த கிளீஸ்பி - விக்ஃபுஸ்ஸோன் ஐஸ்லாந்து மொழி அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சும்மா தள்ளிக்கொண்டு போனபோது ஒரு பெயர்ச்சொல்லில் நின்றுவிட்டேன். அல்மென்னிங்குர்.

பழைய வடிவத்தில் அல்மென்னிங்ர். ‘அல்’ என்றால் எல்லாம். ‘மென்’ என்றால் மனிதர்கள். கடைசியில் பெயர்ச்சொல்லாக்கும் ஒரு விகுதி. எல்லா மனிதர். இதற்கு அகராதி தரும் முதல் பொருள் என்ன தெரியுமா? பொது நிலம். பிறகுதான் பொதுமக்கள். நிலத்துக்கும் மக்களுக்கும் ஒரே சொல். நார்வே, ஸ்வீடன் மொழிகளிலும் இதன் உறவுச் சொற்கள் இன்றும் பொது நிலத்தைக் குறிக்கின்றன.

ஐஸ்லாந்தில் 930-இல் ஆல்திங் என்ற பொதுச்சபை கூட ஆரம்பித்தது. அரசன் இல்லாத நாடு. சட்டங்களை 1117-18 குளிர்காலத்தில் எழுதி வைக்கத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் அந்தத் தொகுதிக்குக் கிராகாஸ், அதாவது சாம்பல் வாத்து, என்று பெயர் வந்தது. நாட்டை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்திருந்தார்கள். ஒரு கால்பகுதியின் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து உடைமையாக வைத்திருக்கும் நிலம் எதுவோ அதுவே அல்மென்னிங்ர் என்பது அந்தச் சட்டத்தின் கருத்து. 1281-இல் வந்த யோன்ஸ்போக் என்ற அடுத்த சட்டமும், பொது நிலங்கள் மேலே மலைப்பக்கமும் வெளியே கடல்பக்கமும் முன்பு இருந்தபடியே இருக்கட்டும் என்று சொன்னது. அங்கே யாரும் மீன் பிடிக்கலாம், பறவை பிடிக்கலாம்.

இன்று அந்தச் சொல்லின் நிலப் பொருள் மங்கி, மக்கள் என்ற பொருளே அன்றாடப் பேச்சில் நிற்கிறது. பொதுப் பூங்கா, பொதுப் போக்குவரத்து, பொதுக் கழிப்பிடம் என்று எல்லாவற்றிலும் முன்னொட்டாக அது வருகிறது.

மொழிகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே விதமான நிலத்தைத்தான் பார்த்திருக்கின்றன. தனி ஆளுக்குச் சொந்தமில்லாத நிலம். ஒரு மொழி அதைப் பார்த்து ‘எல்லாரும்’ என்றது. இன்னொரு மொழி ‘வெளியே’ என்றது. அங்கே நிலத்தின் பெயர் மனிதர்கள் மேல் ஏறியபோது அவர்கள் பொதுமக்கள் ஆனார்கள். இங்கே நிலத்தின் பெயர் மனிதன் மேல் ஏறியபோது அவன் பொறம்போக்கு ஆனான்.

ரயில் மீஞ்சூரில் நின்றபோது எனக்கு வாத்தியார் ஞாபகம் வந்தது. அன்று இரவு உற்சாகமாக ஒரு நண்பனுக்கு இதையெல்லாம் சொன்னேன். அவன் ஒரே கேள்வி கேட்டான்: “அந்த எல்லாரும்ல அடிமைங்க உண்டா மச்சான்?”

ஐஸ்லாந்தில் அந்தக் காலத்தில் அடிமைகள் இருந்தார்கள். அவர்களும் உடைமைதான்.

*

அந்தக் கேள்வியோடு தமிழுக்குத் திரும்பினால், நம்மிடமும் ஒரு அல்மென்னிங்குர் இருக்கிறது. நாம்தான் கவனிக்கவில்லை. ஊர்.

ஊர் என்றால் இடம். ஊர் என்றால் அங்கிருக்கும் மக்களும்தான். ‘ஊர் சிரிக்கும்’ என்கிறோம், சிரிப்பது நிலமா? ‘ஊர் கூடித் தேர் இழுக்கணும்’ என்கிறோம். சோழர் காலத்தில் வேளாண் கிராமத்தின் சபைக்கே ஊர் என்றுதான் பெயர். இடம், மக்கள், மன்றம் மூன்றுக்கும் ஒரே சொல். ஐஸ்லாந்துக்காரன் பார்த்தால் பொறாமைப்படுவான்.

ஆனால் அந்த ஊருக்குப் பக்கத்தில் எப்போதும் இன்னொரு சொல் நிற்கிறது. சேரி. முதலாம் இராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த ஊர்களைக் கல்வெட்டுகள் ஒவ்வொன்றாக அளந்து சொல்கின்றன. மொத்த நிலம் இவ்வளவு, அதில் வரியில்லாத நிலத்தைக் கழித்தால் மிச்சம் இவ்வளவு. எதையெல்லாம் கழிக்கிறார்கள்? ஊர் நத்தம், குளம், வாய்க்கால், கோயில், பறைச்சேரி, கம்மாளர் சேரி, சுடுகாடு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய புறம்போக்குப் பட்டியல் இது, பெயர் மட்டும் இறையிலி. குளத்தோடும் சுடுகாட்டோடும் சேர்ந்து மனிதர்கள் வாழும் சேரியும் ஒரே வரிசையில் வருகிறது. பெரிய வீட்டுக்காரர்களின் நத்தமும் வரியில்லாத இடம்தான். ஆனால் நத்தத்தில் குடியிருப்பவனுக்கு வயலிலும் பங்கு இருந்தது. சேரிக்காரன் கையில் இருந்தது பெரும்பாலும் அந்தக் கழித்த இடம் மட்டும்தான்.

ஆகவே, ‘அந்தக் காலத்தில் எல்லாம் பொதுவா இருந்துச்சு, வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான்’ என்ற கதையை என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. ஏரி பொது, ஆனால் எந்தக் கரையில் யார் தண்ணி மொள்ளலாம் என்பது பொது இல்லை. ‘ஆத்துல போற தண்ணிய அய்யா குடி அம்மா குடி’ என்ற பழமொழியில் அய்யாவும் அம்மாவும் யார் என்று ஊருக்குத் தெரியும்.

எங்கள் பகுதிக்கே நேரடியாக ஒரு சாட்சி இருக்கிறது. இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997-இல் பிரிந்தது, அதுவரை இது செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதி. 1891-இல் அந்த மாவட்டத்தின் ஆட்சியர் டிரமென்ஹீர், அங்குள்ள பறையர்களின் நிலைமை குறித்து அரசுக்கு ஒரு அறிக்கை எழுதினார். மிராசுதாரர்கள் தரிசு நிலத்தில்கூட அவர்களுக்குப் பட்டா கிடைக்க விடுவதில்லை, குடியிருக்கும் மனையும் அவர்களுக்குச் சொந்தமில்லை, காலி செய் என்ற மிரட்டலே அவர்களைப் பண்ணையோடு கட்டி வைத்திருக்கிறது என்பது அதன் சாரம். அதையொட்டி 1892-இல் வந்த அரசாணையிலிருந்துதான் பஞ்சமி நிலம் என்ற ஏற்பாடு பிறந்தது.

இதைப் படித்த பிறகுதான் ஆயாவின் பெட்டி எனக்குப் புரிந்தது. காலி செய் என்று ஒருவன் சொன்னால் எடுத்துக் காட்ட ஒரு காகிதம். அது பட்டாவாக இருந்தால் என்ன, பி-மெமோவாக இருந்தால் என்ன? பண்ணைக்காரன் தயவில் இருப்பதைவிட சர்க்காரிடம் தண்டம் கட்டி இருப்பது மேல் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். ஏரியோரம் ஒரு குடிசை என்பது அவருக்கு ஆக்கிரமிப்பு இல்லை. விடுதலை.

*

வெள்ளைக்காரன் கெடுத்த பங்கும் இல்லாமலில்லை. அது ஒரு சட்டத்தின் இரண்டாம் பிரிவில் இருக்கிறது. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். தெருக்கள், சந்துகள், பாதைகள், பாலங்கள், கழிமுகங்களின் படுகை, ஆறு, ஓடை, ஏரி, குளம் எல்லாம் அரசாங்கத்தின் சொத்து என்று அந்தப் பிரிவு அறிவிக்கிறது. பி-மெமோ பிறப்பதும் இந்தச் சட்டத்திலிருந்துதான். அதுவரை அதில் யாருக்கு என்ன பாத்தியதை என்று ஊர் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அநியாயமான சண்டைதான், ஆனாலும் ஊருக்குள் நடந்த சண்டை. ஒரு வாக்கியத்தில் சொந்தக்காரர் வந்துவிட்டார். ‘யாருடையதும் இல்லை’ என்று பொருள்பட்ட நிலம் ‘எங்களுடையது’ ஆகிவிட்டது. எங்களுடையது என்று ஆனபின் அதைக் கொடுக்கவும் முடியும்.

கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தேர்வாய் கண்டிகை என்று ஒரு ஊர். பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் ஊர். ஊரைச் சுற்றி ஆயிரம் ஏக்கருக்கும் மேல் மேய்க்கால் நிலம், புதர்க்காடு. ஆடு மாடு மேய்ச்சல், விறகு, மூலிகை, காட்டிலிருந்து இறங்கி ஏரிகளை நிரப்பும் மழைத்தண்ணீர். அந்த நிலத்தை சிப்காட் தொழில் வளாகத்துக்கு எடுத்தார்கள். 2009-இல் பிரான்ஸின் மிஷ்லின் டயர் நிறுவனம் அங்கே ஆலை அமைக்கத் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. ஊர் மக்கள் மறியல் செய்தார்கள், கைதானார்கள், உயர் நீதிமன்றம் போனார்கள். 2012-இல் விவகாரம் பிரான்ஸ் வரை போனது. பன்னாட்டு நிறுவனங்களின் நடத்தை நெறிகளைக் கண்காணிக்கும் அந்நாட்டு அமைப்பிடம், பிரெஞ்சுத் தொழிற்சங்கம் ஒன்றும் தொண்டு நிறுவனங்களும் ஊர் மக்களின் சங்கத்தோடு சேர்ந்து புகார் கொடுத்தன. ஆலை வந்துவிட்டது. டயர் உருள்கிறது. அதே தேர்வாய் கண்டிகை ஏரியைக் கண்ணன்கோட்டை ஏரியோடு இணைத்து, சென்னைக்குக் குடிநீர் தர 500 மில்லியன் கன அடி கொள்ளும் நீர்த்தேக்கமும் 2020-இல் திறக்கப்பட்டது.

வேலை வந்தது, தண்ணீர் வந்தது, இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நானே சிப்காட் சம்பளத்தில் சாப்பிடுகிறவன். சென்னைக்குத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? என் சங்கடம் வேறு. பட்டா நிலம் எடுக்கப்பட்டால் இழப்பீடு என்று ஒரு பேச்சாவது நடக்கும். மேய்க்கால் நிலத்துக்கு யாரிடம் பேசுவது? அங்கே மாடு மேய்த்தவளின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எல்லோரும் அனுபவித்தது, அதனால் ஒருவரும் இழக்கவில்லை என்று கணக்கு முடிகிறது. சொல் இங்கே வெறும் சொல்லாக இல்லை. ‘புறம்போக்கு தானே’ என்ற அந்த ‘தானே’யில் ஒரு காடு போய்விடுகிறது.

*

இப்போது நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கேள்விக்கு வர வேண்டும். எங்கள் வீடும் ஏரிப் புறம்போக்குதானே? ஆலை செய்தால் ஆக்கிரமிப்பு, ஆயா செய்தால் விடுதலையா?

2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் தீட்ட வேண்டும் என்றது. பொது நிலத்தைக் காக்க விரும்பும் எவரும் கொண்டாடும் தீர்ப்பு. நிலமற்ற தொழிலாளர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் அரசு முறைப்படி கொடுத்த இடங்கள் போன்ற விலக்குகளையும் அது சொல்லியிருந்தது. முறைப்படி கொடுக்காத இடத்தில் முறையில்லாமல் வாழ்கிறவர்கள்? 2015 வெள்ளத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. நீர்நிலைகளை மீட்போம் என்று நகரத்தின் நல்ல மனிதர்கள் எல்லோரும் பேசினார்கள். மீட்பு என்று பொக்லைன் கிளம்பினால் அது முதலில் வந்து நிற்பது எங்களைப் போன்றவர்களின் தெருமுனையில்.

அளவில் வித்தியாசம் உண்டு, அரை சென்ட்டும் ஆயிரம் ஏக்கரும் ஒன்றில்லை என்று தப்பித்துவிடலாம். ஆனால் அரை சென்ட்டாக அரை சென்ட்டாகவும் ஒரு ஏரி செத்துப்போகும். நான் பார்த்திருக்கிறேன். ஏழை என்பதால் ஏரிக்கு வலிக்காமல் போகாது.

எனக்குத் தோன்றும் வித்தியாசம் இது. ஆயாவுக்கு அந்த ஏரி வேண்டும். துணி துவைக்க, மாட்டைக் கழுவ, கோடையில் ஊற்றுத் தோண்ட. ஏரி செத்தால் அவர் பிழைப்பில் ஒரு பாதி செத்துவிடும். பக்கத்து வீட்டுக்காரி கரையை இன்னும் ரெண்டடி உள்ளே தள்ளினால் ஆயா சண்டைக்குப் போவார், ஆயா தள்ளினால் அவள் வருவாள். சுற்றுச்சுவர் எழுப்பியவனுக்கு ஏரி வேண்டாம், அந்த இடம்தான் வேண்டும். அவன் உள்ளே போனதும் மற்ற எல்லோரும் வெளியாட்கள் ஆகிவிடுகிறார்கள். பொதுவில் வாழ்வது வேறு, பொதுவை முடித்துவைப்பது வேறு. இந்தக் கோடு சட்டத்துக்குப் போதாது என்பது எனக்குத் தெரியும். கோட்டுக்கு அந்தப் பக்கம் போன ஏழைகளும் உண்டு, ஏரியைப் பிளாட் போட்டு விற்றவனுக்குத் துணை நின்ற எங்கள் தெருக்காரர்களும் உண்டு. ஆனால் ஒரு மனசாட்சி ஆரம்பிக்க இந்தக் கோடு போதும்.

*

அப்படியானால் சொல்லை மாற்றிவிடலாமா? 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வசவாகிப்போன இடப்பெயரை எடுத்துவிடுவது ஒரு வழி. இன்னொரு வழி 2017-இல் நடந்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் நின்றுகொண்டு டி.எம்.கிருஷ்ணா பாடிய சென்னை பொறம்போக்குப் பாடல். எழுதியவர் கபேர் வாசுகி. சாம்பலும் அனல்மின் நிலையப் புகையும் பின்னணியில் இருக்க, கர்நாடக ராகங்களில் அந்தச் சொல்லை ஏற்றி, வசவைப் பெருமையாகத் திருப்பிப் போட்ட பாட்டு. முதல் தடவை கேட்டபோது அழுதுவிட்டேன். ஏழாம் வகுப்புக்குப் பிறகு அந்தச் சொல்லை மரியாதையோடு ஒருவர் உச்சரித்துக் கேட்டது அப்போதுதான்.

ஆனாலும் ஒரு உறுத்தல். பட்டா உள்ளவர்கள் ‘நானும் பொறம்போக்கு’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வது சுலபம். மாலையில் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். ஆயாவால் கழற்ற முடியாது.

இந்த இடத்தில் மறுபடி ஐஸ்லாந்து உதவுகிறது, முன்பு நான் எதிர்பார்க்காத விதத்தில். அங்கே லாண்ட்மன்னா என்ற மலைமேய்ச்சல் வெளி குறித்து நெடுநாள் வழக்கு. 1955-இல் உச்ச நீதிமன்றம், அது உழவர்களின் சொத்து இல்லை என்றது. சரி, எங்களுடையது என்று அரசு வந்தது. 1981-இல் அரசுக்கும் சொந்தமென்று நிரூபணம் இல்லை என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. யாருக்கும் சொந்தமில்லாத நிலம், அசல் புறம்போக்கு. 1998-இல் இதற்காகத் தனிச்சட்டம் போட்டு, அப்படிப்பட்ட நிலத்துக்கு ‘தியோத்லெண்டா’ என்ற பெயரை ஏற்றார்கள். தியோத் என்றால் ஒரு நாட்டின் மக்கள். மக்கள்நிலம். உரிமையை அரசிடமே கொடுத்தார்கள். ஆனாலும் பெயர் வைக்கும்போது அவர்கள் கை மறுபடியும் ‘மக்கள்’ என்ற சொல்லைத்தான் எடுத்தது.

அந்தப் பெயர்ப் பழக்கம் அவர்களைக் காப்பாற்றியதா? கடலைப் பாருங்கள். ஐஸ்லாந்துக் கடலின் மீன்வளம் நாட்டு மக்களின் கூட்டுச் சொத்து என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் பிரிவு சொல்கிறது. அதே சட்டம் மீன்பிடி உரிமையை ஒதுக்கீடாகப் பிரித்து, விற்கவும் வாங்கவும் விட்டது. பெரிய நிறுவனங்கள் வாங்கிக் குவித்தன. ஒதுக்கீடு இல்லாத இரண்டு மீனவர்கள் கடலுக்குப் போய் மீன் பிடித்துவிட்டு, தாங்களே அதை அறிவித்துத் தண்டனை பெற்றார்கள். 2007-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அவர்கள் பக்கம் பேசியது. எல்லாருடையதும் என்று அழகான பெயர் வைத்த தேசத்திலும் பொதுச்சொத்து போய்க்கொண்டுதான் இருந்தது.

பெயர் வேலி ஆகாது. ஆனால் அந்த இரண்டு மீனவர்களும் எதைக் காட்டிக் கேட்டார்கள்? சட்டத்தில் இருந்த அந்தச் சொல்லைத்தான். ‘எல்லாருடையதும் என்று எழுதியிருக்கிறாயே, நான் அந்த எல்லாரில் இல்லையா?’ தேர்வாய் கண்டிகைக்காரர்களால் அப்படிக் கேட்க முடியவில்லை. அவர்கள் நிலத்தின் பெயரே அவர்களை வெளியே நிறுத்திவிட்டது. நல்ல சொல்லால் செய்ய முடிந்தது இவ்வளவுதான்: திருடு போனால் திருடு போனது என்று சொல்ல வாய் கொடுக்கும்.

*

சிப்காட்டில் ஒரு வழக்கு உண்டு. ஆன்-ரோல், ஆஃப்-ரோல். கம்பெனிப் பதிவேட்டில் பெயர் உள்ளவன் ஆன்-ரோல். ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவன் ஆஃப்-ரோல். இரும்பு உருக்காலைகளில் சூட்டுக்கு முன்னால் நிற்பவர்களில் நிறையப் பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள், ஆஃப்-ரோல். ஒரே ஷிஃப்ட், ஒரே சூடு, பதிவேடு மட்டும் வேறு. ஆஃப்-ரோல் என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் பெயர்த்தால் என்ன வரும் என்று ஒருநாள் கேண்டீன் வரிசையில் நின்றபோது யோசித்தேன். கணக்குக்கு வெளியே போனது. புறம்போக்கு.

அன்று மாலை ரயிலில் கூட்டம். கதவோரம் மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு வடநாட்டுப் பையனைப் பார்த்து, எங்கள் பக்கத்து ஆள் ஒருவர், எனக்கு மாமா முறை ஆகிறவர், “வழிய உட்றா, பொறம்போக்கு” என்றார். மாமாவின் வீடும் ஏரிப் புறம்போக்குதான். அவரிடமும் ஒரு பி-மெமோ கட்டு இருக்கும். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தப் பையன் சிரித்தான், வகுப்பில் நான் சிரித்த மாதிரியே.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். அந்தச் சொல்லைக் கேட்டால் மனசுக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன், எந்தக் கணக்குக்குப் புறம்? புத்தகம் யார் கையில் இருக்கிறது? சொல்கிறவன் பெயர் அதில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது.

ஆயா போய் நாலு வருஷம் ஆகிறது. அவர் இருந்த கடைசி ஐப்பசியில் நல்ல மழை. ஏரி நிரம்பி, தண்ணீர் எங்கள் பின்வாசல் படி வரை வந்துவிட்டது. நான் பதறி, பஞ்சாயத்தில் சொல்லி மண் மூட்டை போடச் சொல்லலாம் என்றேன். ஆயா படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது எடத்துக்கு அது வந்துகீது. நாமதான் ரவ தள்ளி ஒக்காரணும்” என்றார்.

பிறகு எழுந்து போய், டிரங்குப் பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் வைக்கச் சொன்னார்.